ஆளப்பிறந்தான்

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ரயில் சந்திப்பு நினைவுக்கு வரும், அடுத்தபடியாகப் பீங்கான். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு, வருடம் முழுவதும் வீட்டு மின்பெட்டிக்கான ஃபியூஸ் கேரியர் என்று செராமிக் தொழிற்பேட்டையின் சூளைகள் ஊர் ஊராகச் சரக்கு அனுப்புகின்றன. கொலு என்ற சொல்லுக்கே அரசவை என்றுதான் பொருள். பொம்மைகளில் ராஜாக்களுக்கும் குறைவில்லை. ஆனால் இந்த மண்ணிலேயே தலையெடுத்து, சோழ மன்னனையே பிடித்துச் சிறையில் வைத்த ஒரு ராஜாவை எந்தக் கொலுப்படியிலும் நான் பார்த்ததில்லை. அவன் இருப்பது சூளைகளுக்குச் சற்றுத் தள்ளி, மணிமுத்தாற்றங்கரையில், விருத்தகிரீசுவரர் கோயிலின் கல்வெட்டுகளில்.

ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஊரறிந்த கதை. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் கோயிலைக் கற்றளியாக்கினார். அதற்குப் பின் சோழர் காலம் முழுவதும் இங்கே கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று சகம் 1108, அதாவது கி.பி. 1186-ஐச் சேர்ந்தது. தானம் கொடுத்த செய்தியோடு நிற்காமல் கொடுத்தவனின் வம்சாவளியையும் சொல்கிறது அது. வளந்தனார், ஆட்கொல்லியார், நான்கு திசையும் வென்ற ஏழிசைமோகன், கச்சியராயன் என்னும் அரசநாராயணன், கடைசியாக ஆளப்பிறந்தான் வீரசேகரன் என்னும் காடவராயன். இந்த வீரசேகரன் கற்கடமாராயனின் கூடலை அழித்தான், அதியமான் நாட்டைப் பாழாக்கினான் என்றும் சொல்கிறது.

அப்போது அரியணையில் இருந்தவன் மூன்றாம் குலோத்துங்கன். சோழப் பேரரசின் கடைசி வலுவான மன்னன் அவன்தான். அவனுக்குக் கீழே இருந்த ஒரு சிற்றரசன் தன் முன்னோர் நால்வரைப் பெயர் சொல்லித் தன் போர்களைத் தன் கணக்கிலேயே கோயில் சுவரில் எழுதிக்கொள்கிறான். பெயர்களையும் பாருங்கள். 'காடவர்' என்பது பல்லவரைக் குறிக்கும் சொல். 'கச்சியராயன்' என்றால் காஞ்சிக்கு அரசன். பல்லவ அரசு சோழரிடம் வீழ்ந்து ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழித்து, காஞ்சியை ஆளாத ஒருவன் இப்படிப் பெயர் வைத்துக்கொள்கிறான். 'ஆளப்பிறந்தான்' என்பது இதற்கும் மேலே. அடங்கியிருப்பவன் வைத்துக்கொள்ளும் பெயரா இது?

பெயர் முதலில் வந்தது, ஆட்சி பின்னால் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் பொருள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது தமிழ்நாட்டு வரலாறு அல்ல. கிழக்கே, சீனக் கடலுக்கும் பசிபிக்குக்கும் நடுவே கிடக்கும் ரியூக்யூ என்ற சின்னஞ்சிறு தீவரசின் வரலாறு. இன்றைக்கு ஜப்பானின் ஒகினாவா.

ஒகினாவாத் தீவில் 14-ஆம் நூற்றாண்டில் 'அஜி' எனப்பட்ட தலைவர்கள் 'குசுகு' என்னும் கல்மதிற்கோட்டைகளில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பகுதியை ஆண்டார்கள். காலப்போக்கில் அவர்கள் மூன்று அணிகளாகத் திரண்டார்கள். வடக்கே ஹொகுசான், நடுவே சூசான், தெற்கே நன்சான். 1372-இல் சீனத்து மிங் பேரரசரின் தூதர் வர, சூசான் அரசன் சாத்தோ தன் தம்பியைக் காணிக்கையோடு அனுப்பினான். தெற்கும் வடக்கும் சில ஆண்டுகளில் அதே வழியில் போயின. காணிக்கை கொடுத்தவனுக்குச் சீனத்தில் வணிகம் செய்ய உரிமை கிடைக்கும். இவர்கள் கொண்டுபோனது குதிரையும் கந்தகமும், கொண்டுவந்தது பட்டு, காசு, பீங்கான். வடக்குக் கோட்டையான நகிஜினைத் தோண்டியபோது சீனப் பீங்கான் சில்லுகள் குவிந்தன.

இந்த மூன்றையும் ஒன்றாக்கியவன் மூன்று அரசர்களில் ஒருவனும் அல்லன். தென்கிழக்குக் கரையில் சாஷிகி என்ற இடத்துச் சிறு தலைவன் ஹாஷி. 1406-இல் சூசான் அரசன் புனேயைக் கவிழ்த்துத் தன் தந்தை ஷிஷோவை அங்கே உட்காரவைத்தான். 1416-இல் வடக்கை வென்றான், தந்தைக்குப் பின் தானே அரசனானான், 1429-இல் தெற்கையும் சேர்த்தான். அவனைப் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. கப்பலில் வந்த வணிகன் ஒருவன் அவனுடைய வாளுக்கு ஆசைப்பட, வாளைக் கொடுத்து இரும்பை வாங்கி உழவர்களுக்குக் கருவி செய்து கொடுத்தான் என்பது ஒன்று. தெற்கு அரசன் பொன்வேய்ந்த திரைச்சட்டம் ஒன்றுக்கு மயங்கித் தன் மக்கள் நம்பியிருந்த நீரூற்றை அவனிடம் மாற்றிக்கொண்டான், தண்ணீர் போனதும் மக்கள் மனம் மாறினார்கள் என்பது மற்றொன்று. நடந்தவையோ இல்லையோ, இரும்பும் தண்ணீரும்தான் அரசைத் தரும் என்று அந்த மக்கள் நம்பியிருக்கிறார்கள். நம் ஊர் ஏரிப்பாசனக்காரர்கள் இதை ஒரு முறை கேட்டாலே தலையாட்டுவார்கள்.

காடவர்களுக்கு வருவோம். அவர்கள் நாடு பெண்ணையாற்றுக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்டது. நடுவே கெடிலம் ஓடுகிறது. திருமுனைப்பாடி என்று பழைய பெயர். சுந்தரரை வளர்த்த நரசிங்கமுனையரையர் ஆண்ட நாடு இதுதான், ஆக இங்கே சிற்றரசர்கள் புதிதில்லை. இடம்தான் விசேஷம். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து விருத்தாசலம் நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டர்கூட இல்லை. சோழர் தலைநகரிலிருந்து காஞ்சிக்கும் தொண்டைமண்டலத்துக்கும் போகிற படையும் வரிப்பணமும் இந்த நாட்டைக் கடந்தாக வேண்டும். வாசலில் நிற்பவனைப் பகைத்துக்கொண்டு வீட்டுக்காரன் வெளியே போக முடியாது.

வாசலில் நிற்கும் வேலைக்கு அக்காலத்தில் ஒரு பெயர் இருந்தது, பாடிகாவல். ஊரையும் பயிரையும் வழியையும் காப்பது, அதற்காக ஊரார் தரும் வரியை எடுத்துக்கொள்வது. 12-ஆம் நூற்றாண்டில் காடவர் குடும்பம் இந்த உரிமையை ஊர் ஊராகச் சேர்த்தது. சோழ மன்னனின் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் கல்வெட்டு தொடங்கும். உள்ளே போனால், தனக்கு வரவேண்டிய பாடிகாவல் வரியைக் கோயிலுக்கு விட்டுக்கொடுப்பவர் காடவராயர். வரியை விட்டுக்கொடுப்பதாகச் சொல்வதைப் போல் வரி தன்னுடையது என்று நிலைநாட்ட வேறு நல்ல வழி இல்லை. தானத்தின் அழகு அது.

இதோடு இன்னொன்றும் நடந்தது. குலோத்துங்கன் காலத்தில் இந்தப் பகுதிச் சிற்றரசர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். உனக்கு நண்பன் எனக்கு நண்பன், உன் பகைவன் என் பகைவன், இன்னாரோடு சேரமாட்டோம் என்கிற வகை. நிலைமைத்தீட்டு என்று இவற்றைச் சொல்வார்கள். எல்லாம் மன்னனுக்கு விசுவாசமாக எழுதப்பட்டவைதான். ஆனால் விசுவாசத்தைப் பத்திரத்தில் எழுதி வாங்கவேண்டிய நிலை வந்துவிட்டதே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

குலோத்துங்கனின் கடைசிக் காலத்தில் பாண்டியன் முதலாம் மாறவர்மன் சுந்தரன் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். பின் வந்த மூன்றாம் இராசராசன் பலவீனன். பாண்டியனோடு மீண்டும் மோதித் தோற்று, உறவினரான போசளரை நாடி வடக்கே போகும் வழியில், 1231-ஐ ஒட்டி, வந்தவாசிக்கு அருகே தெள்ளாற்றில் அவனை மறித்தவன் காடவன் கோப்பெருஞ்சிங்கன். சோழனைப் பிடித்தான், அமைச்சர்களோடு கொண்டுபோய்ச் சேந்தமங்கலத்தில் அடைத்தான். வயலூர்ப் பாறைக் கல்வெட்டு இதைத் தமிழ்ச் செய்யுளில் பெருமையாகச் சொல்கிறது. தெள்ளாறு என்ற இடத்தையும் கவனியுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பெருவெற்றி பெற்று 'தெள்ளாறெறிந்த' என்ற அடைமொழி வாங்கிய இடம். தற்செயலாகவே இருக்கட்டும், பல்லவன் என்று சொல்லிக்கொள்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான களம் அமைந்திருக்காது.

சேந்தமங்கலம் என்றால் நாமக்கல் பக்கத்து ஊரை நினைக்க வேண்டாம். இது உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், கெடிலக் கரைப்பகுதியில் இருக்கிறது. கோப்பெருஞ்சிங்கன் கட்டிய ஆபத்சகாயேசுவரர் கோயில் இன்றும் நிற்கிறது. கல்வெட்டில் அதன் பெயர் வாணிலைகண்டீசுவரம். மதில் கோயில் மதில் போலவே இல்லை, கோட்டை போல எழும்பி நிற்கிறது. வாசலருகே கல் குதிரைகள். ரியூக்யூவின் தலைவர்கள் குதிரையை ஏற்றுமதி செய்து அரசு வளர்த்தார்கள் என்றால், நம்மவர்களுக்குக் குதிரை கடல் கடந்து வரவேண்டிய பொருள். கிடைத்த குதிரையைக் கல்லிலும் வடித்துப் பெருமைப்பட்டார்கள்.

அடுத்து நடந்ததை அறியக் கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக்குப் போக வேண்டும். தேவநாதப் பெருமாள் கோயிலில் போசளப் படைத்தலைவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. போர்க்கள அறிக்கை என்றே சொல்லலாம். சோழனைச் சிறைபிடித்த செய்தி கேட்டுப் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்படுகிறான். 'சோழ ராஜ்யப் பிரதிஷ்டாசாரியன்', அதாவது சோழ அரசை நிலைநிறுத்தியவன் என்ற பட்டத்தை மெய்ப்பிக்காமல் திரும்புவதில்லை என்று சூளுரைக்கிறான். வழியில் மகர நாட்டை அழித்துவிட்டுப் பாச்சூரில் பாசறை போடுகிறான். அப்பண்ணனும் சமுத்திரக் கோப்பையனும் படை நடத்துகிறார்கள். எள்ளேரி, கல்லியூர்மூலை, காடவனின் அதிகாரி சோழகோன் இருந்த தொழுதகையூர் எல்லாம் அழிகின்றன. காடவன் பக்கம் நின்ற ஈழத்துப் பராக்கிரமபாகுவும் கொல்லப்படுகிறான். தில்லை வந்து பொன்னம்பலத்தை வணங்கிவிட்டு மறுபடி வடக்கே திரும்பி, தொண்டைமானல்லூர், திருவதிகை, திருவக்கரை. கிழக்கே கடல்வரை ஊர்களை எரித்து, பயிரைக் கருக்கி, பெண்களைப் பிடித்துச் சேந்தமங்கலத்தை நெருங்கும்போது, சோழனை விட்டுவிடுகிறேன் என்று காடவன் சொல்லியனுப்புகிறான்.

எரிந்த ஊர்களின் பட்டியலை இத்தனை நிதானமாகக் கோயில் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது கொஞ்சம் வயிற்றைப் பிசைகிறது. ஒரு மன்னன் விடுதலையானான் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடிப்பதற்கு நடுநாட்டு உழவர்கள் கொடுத்த விலை அந்தப் பட்டியல்.

என்னைக் குடைந்த கேள்வி வேறு. பிடித்த மன்னனைக் கோப்பெருஞ்சிங்கன் ஏன் உயிரோடு வைத்திருந்தான்? ஹாஷியும் தன் மேலரசனைக் கவிழ்த்தவன்தான். ஆனால் பிடித்து அடைத்துப் பேரம் பேசவில்லை, இடத்தையே எடுத்துக்கொண்டான். எடுத்த பிறகு சாஷிகி அரசன் என்று ஒரு புதுப்பெயரும் சூட்டிக்கொள்ளவில்லை. சூசான் அரசு என்ற பழைய பெயரிலேயே மிங் அவைக்குத் தூது போனது, பழைய முத்திரையே தொடர்ந்தது. சட்டையை மாற்றாமல் ஆள் மாறியது. காணிக்கை வணிகத்தின் கதவு ஒன்றுதான். அதன் சாவி யாரிடமோ அவனே அரசன். மற்ற தலைவர்கள் எவ்வளவு மதில் கட்டினாலும் பீங்கானும் பட்டும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தாக வேண்டும். மூன்று நாடுகளை ஒன்றாகப் பிடித்துவைத்தது வாள் பாதி, இந்தக் கதவு பாதி.

கோப்பெருஞ்சிங்கனுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. கரை இருந்தது; பெண்ணையும் கெடிலமும் கடலில் விழுவது அவன் நாட்டில்தான். ஆனால் காடவர் கல்வெட்டுகள் பேசுவதெல்லாம் நிலத்தையும் காவலையும் கோயிலையும். மூன்று தலைமுறையாக அவர்கள் சேர்த்த உரிமைகள் ஒவ்வொன்றும் சோழன் பெயரில் எழுதப்பட்டவை. சோழன் இல்லையென்றால் பாடிகாவலை யார் கொடுத்தது? பக்கத்துச் சிற்றரசனான சம்புவராயன் எதற்காக அடங்க வேண்டும்? சோழனைக் கொன்றிருந்தால் காடவன் சோழனாகியிருக்க மாட்டான், பத்துச் சிற்றரசர்களில் ஒருவனாகியிருப்பான் என்பது என் கணிப்பு. அதனால்தான் பிணையாக வைத்துப் பார்த்தான். ஓர் அரசனைப் பிடிப்பது அரசைப் பிடிப்பதாகாது என்று தெரிந்துகொள்ளப் பல ஊர்கள் எரிய வேண்டியிருந்தது.

ஆனாலும் அவர்கள் ஓயவில்லை. 1243 முதல் 'சகலபுவனச் சக்கரவர்த்தி கோப்பெருஞ்சிங்கதேவர்' என்று சொந்த ஆட்சியாண்டு போட்டுக் கல்வெட்டுகள் வருகின்றன. மூன்றாம் இராசராசன் அப்போது உயிரோடு, அரியணையில் இருக்கிறான். 1231-இல் சோழனைப் பிடித்தவனும் 1243-இல் முடிசூடியவனும் ஒருவனா, தந்தையும் மகனுமா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். 1943-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் 12-ஆம் தொகுதியின் முன்னுரை இருவர் என்று வாதிட்டது. நானும் அந்தக் கட்சிதான்.

மகனின் ஆட்சி படிப்பதற்கு இனிமையானது. தில்லைத் தெற்குக் கோபுரத்துக்குச் 'சொக்கச்சீயன் திருநிலை எழுகோபுரம்' என்று பெயர். அதன் திருப்பணிக்காகச் செங்கற்பட்டுப் பக்கத்து ஆத்தூரின் வருவாய் முழுவதும் ஒதுக்கப்பட்டது. சொக்கச்சீயன் என்றால் அழகிய சிங்கம், காடவனின் பட்டப்பெயர்களில் ஒன்று. அவனுடைய அதிகாரி பெருமாள்பிள்ளை என்னும் சோழகோன் தில்லையில் நந்தவனங்கள் அமைத்தான். வடக்கே திராட்சாராமத்திலும் திரிபுராந்தகத்திலும் காடவன் கல்வெட்டு இருக்கிறது. திராட்சாராமக் கல்வெட்டின் ஆண்டு 1262. கெடிலக் கரைக் காவல்காரக் குடும்பம் கோதாவரிக் கரைவரை பெயர் பொறித்தது சாதாரண விஷயமல்ல.

விருத்தாசலத்துக்கும் இதில் பங்குண்டு. பெரம்பலூரில் நடந்த போரில் போசளத் தண்டநாயகர்களான கேசவனையும் அரிகரனையும் கொன்று அவர்கள் பெண்டிரைப் பிடித்து வந்த பாவம் தீர, கோப்பெருஞ்சிங்கன் முதுகுன்றத்து ஈசனுக்கு ஓர் அணிகலன் சாத்தினான் என்கிறது ஒரு கல்வெட்டு. அதற்குத் தன் பெயரையே வைத்தான், 'அவனி ஆளப்பிறந்தான்'. 1186-இல் இதே கோயிலில் வெறும் 'ஆளப்பிறந்தான்'. பின்னால் அவனியே சேர்ந்துகொண்டது. பாவத்துக்குக் கழுவாய் தேடும் நகையிலும் பட்டப்பெயரை விடாத மனிதனை எனக்கு ஏனோ பிடித்துப்போகிறது.

ஆனால் அந்த 'அவனி' எதன்மேல் நின்றது? தெற்கே பாண்டியன், மேற்கே போசளன், வடக்கே காகதியன், நடுவே வலுவிழந்த சோழன். சோழன் என்ற ஓடு இருக்கும்வரை அதற்குள் காடவனுக்கு இடம் இருந்தது. 1251-இல் பட்டத்துக்கு வந்த சடாவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு யானை, குதிரை, கருவூலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பின் நாட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தான். கொடுத்தவன் மேலரசன், வாங்கியவன் சிற்றரசன்; ஏழிசைமோகன் காலத்துக் கணக்கு மறுபடி தொடங்கியது.

ஹாஷியின் குலமும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1470-க்குள் கருவூல அதிகாரியாக இருந்த கனேமாரு அரியணை ஏறினான். ஆனால் அவனும் 'ஷோ' என்ற அதே குடும்பப்பெயரைச் சூட்டிக்கொண்டான். கதவும் முத்திரையும் அப்படியே இருந்தன, ஆள் மட்டும் மறுபடி மாறினான். அவன் மகன் ஷோ ஷின் அஜிகளின் ஆயுதங்களை வாங்கி வைத்துக்கொண்டு அவர்களைத் தலைநகர் ஷூரியிலேயே குடியமர்த்தினான். காடவர்கள் செய்ய முடியாமல் போனது அதுதான். பக்கத்துச் சிற்றரசர்களை வென்றார்கள், உடன்படிக்கை செய்தார்கள், ஆனால் அவர்களின் கோட்டைகளை எவரும் காலி செய்யவில்லை. ரியூக்யூ அரசு 1609-இல் ஜப்பானின் சத்சுமா படையிடம் தோற்றும்கூட, பெயரளவில் 1879 வரை பிழைத்துக் கிடந்தது.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே கடல்வழி இருந்தது. சீனத்தின் சுவன்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் திருமேனியை நிறுவிய தமிழ்க் கல்வெட்டு சகம் 1203, கி.பி. 1281-ஐச் சேர்ந்தது. பின்னாளில் மிங் ஆட்சி ரியூக்யூ கப்பல்களுக்கு ஒதுக்கிய துறைமுகமும் முதலில் அதே சுவன்சௌதான். 16-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மலாக்காவில் வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். கலிங்கர் என்று அங்கே அழைக்கப்பட்ட தமிழர்கள் ஒருவர் பொறுப்பில், சீனரும் ரியூக்யூக்காரரும் இன்னொருவர் பொறுப்பில் என்று போர்த்துக்கீசியரான தொமே பிரெஸ் எழுதியிருக்கிறார். சோழமண்டலக் கரைத் துணியும் சீனப் பீங்கானும் ஒரே சந்தையில் கைமாறின. அந்தக் கடலில் தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். தமிழ் அரசர்கள் அந்த வணிகத்தை ஒற்றைக் கதவாக்கித் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை, காடவர்கள் முயன்றதுமில்லை.

அடுத்த முறை பொம்மை வாங்கவோ அகல் வாங்கவோ விருத்தாசலம் வருபவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கோயிலைச் சுற்றிவரலாம். இன்னும் அரை நாள் இருந்தால் சேந்தமங்கலம் போகலாம், கல் குதிரைகள் நிற்கின்றன. கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகள் 36-ஆம் ஆட்சியாண்டோடு நின்றுபோகின்றன, அது 1279. கடைசிச் சோழன் மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுகள் நிற்பதும் 1279-இல்தான்.